கொள்ளிடத்துக்கு அப்பால் கிடைத்த கல்



திருவையாற்றுக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து தாய் ஒருவர் எழுதிய கடிதம் மூன்று வாரங்களாக நம் மேசைமீது கிடக்கிறது. அதற்கு இருமுறை விடை எழுதினோம். இருமுறையும் கிழித்துப் போட்டோம். இம்மாதம் இப்பகுதியில் வேறொரு பொருளைப் பற்றி எழுதுவதாக இருந்தோம். அது காத்திருக்கட்டும். இக்கடிதம் காத்திருக்கலாகாது.

அத்தாயின் மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். அவனுடைய தாய்மாமன் அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்டு ஆலைக்குக் கல் ஏற்றிச் செல்லும் லாரியை ஓட்டுகிறவர். திருநாளுக்கு வந்தவர் மருமகனுக்கு மிட்டாய்ப் பொட்டலத்தோடு ஒரு கல்லையும் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கை அளவு, செம்மறிக் கிடாயின் கொம்பைப் போல் சுருண்டு, சுருளின்மீது வரிவரியாக வரம்புகள் ஓடிய கல். பள்ளியில் அறிவியல் ஆசிரியர் அதைக் கண்டு மகிழ்ந்து, "இது கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் கூடு, ஏழு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது" என்றாராம். ஞாயிறு பூசைக்குப் பின் நடக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் பையன் அதை எடுத்துச் சென்றான். அன்று பாடம் படைப்பைப் பற்றியது. உபதேசியார் கல்லை வாங்கிப் பார்த்தார். உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகள்தாம் ஆயின என்றும், இது நோவாவின் வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட நத்தை என்றும், ஏழு கோடி என்பது கடவுள் இல்லை என்போர் கட்டிய கதை என்றும் சொல்லிவிட்டு, சன்னல் வழியே வாய்க்காலில் எறிந்துவிட்டார். பையன் இடுப்பளவு நீரில் இறங்கி, மாலைவரை துழாவி, அதை எடுத்துக்கொண்டு வீடு சேர்ந்தான். அன்றுமுதல் மூன்று மாதங்களாக மறைக்கல்விக்குப் போகவில்லை. உறுதிப்பூசுதல் நெருங்குகிறது. "கல் பொய் சொல்லுதா, வேதம் பொய் சொல்லுதா? நான் அதிகம் படிக்காதவள். அவன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியலை" என்று அத்தாய் கடிதத்தை முடிக்கிறார்.

முதலில் எழுதிய விடையைக் கிழித்ததற்குக் காரணம், அது கெட்டிக்காரத்தனமாய் இருந்தது. ஆறு நாள் என்பதை ஆறு யுகங்கள் என்று கொண்டு, ஒவ்வொரு யுகத்துக்கும் ஒரு நிலவியல் காலத்தைப் பொருத்தி, எல்லாம் சரியாக வருகிறது பாருங்கள் என்று காட்டியிருந்தோம். உண்மையில் அது சரியாக வருவதில்லை. முதல் நாளில் ஒளி. நான்காம் நாளில்தான் கதிரவன். அதற்கு முந்தின நாளிலேயே மரங்கள் காய்த்துவிடுகின்றன. எந்த யுகத்தைக் கொண்டும் இதை ஒட்ட வைக்க முடியாது. இரண்டாவது விடை, உபதேசியாரைக் கடிந்து எழுதியது. அதை எழுதி முடித்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாமும் மறைக்கல்வி கற்பித்தோம். உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் எழுந்து, ஆதாமுக்கு முன் மனிதர் இருந்தனரா என்று கேட்டான். "விசுவாசத்தில் குறும்பு வேண்டாம், உட்கார்" என்றோம். அவன் உட்கார்ந்தான். பின்னர் ஆலயத்திலும் அவன் உட்காருவதை நாம் காணவில்லை. இதை இந்நாள்வரை யாரிடமும் சொன்னதில்லை.

நிற்க. முதலில் கல்லைப் பற்றிப் பேசுவோம். அதற்குரிய மரியாதையை அதற்குக் கொடுப்போம்.

காவிரியின் தென்பால் வாழும் நமக்குக் கல் என்பதே அரிய பொருள். நம் வயலில் ஒரு முழம் தோண்டினாலும் வண்டல், பத்து முழம் தோண்டினாலும் வண்டலும் மணலும்தாம். ஆற்று நீர் ஆண்டுதோறும் சுமந்துவந்து போட்ட மண் இது. நிலவியலார் கணக்கில் இது மிக இளைய மண். பழைய உபதேசியார்கள் உலகத்துக்கே கொடுத்த அந்தச் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள், நம் டெல்டாவின் மேல்மண் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆறாயிரம் ஆண்டு என்ற கணக்கு நம் ஊரில் நின்றுகொண்டு பார்த்தால் அவ்வளவு விந்தையாகத் தோன்றுவதில்லை. ஆனால் திருமானூர்ப் பாலத்தின் வழியே கொள்ளிடத்தைக் கடந்து, கீழப்பழுவூர் தாண்டி வடக்கே சென்றால், மண்ணின் நிறம் மாறுகிறது. ஏர்முனையில் சிப்பி தட்டுகிறது. அங்கே ஒரு கடல் இருந்தது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்தொடங்கி, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, அக்கடல் பலமுறை ஏறியும் இறங்கியும் அடுக்கடுக்காய்ப் படிவுகளை விட்டுச் சென்றது. கீழடுக்கை ஊட்டத்தூர்ப் படிவு என்றும், நடு அடுக்கைத் திருச்சிராப்பள்ளிப் படிவு என்றும், மேலடுக்கை அரியலூர்ப் படிவு என்றும் உலகமெங்கும் நிலவியல் நூல்கள் நம் ஊர்ப் பெயர்களாலேயே குறிக்கின்றன.

1840-களில் சென்னை அரசுப் பணியிலிருந்த கே, கன்லிப் என்னும் இரு ஆங்கிலேயர் இச்சிப்பிகளைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு போர்ப்ஸ் என்பார் 1846-இல் அவற்றை விவரித்து எழுதினார். டார்வினின் நூல் வெளிவந்தது 1859-இல் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே கடவுளை மறுப்பதற்காக யாரோ இக்கற்களைப் பற்றிக் கதை கட்டினர் என்பது பொருந்தாது. பின்னர் பிளான்போர்டு என்பவர் அடுக்குகளை வரைபடமாக்கினார். மொராவிய நாட்டில் பிறந்த ஸ்டோலிச்கா பல ஆண்டுகள் அமர்ந்து இச்சிப்பிகளை ஒவ்வொன்றாக வகைப்படுத்தினார். 1874-இல் இமயத்துக்கு அப்பால் பயணம் சென்று திரும்பும் வழியில் முப்பத்தாறாம் வயதில் இறந்தார். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவராக உயர்ந்த எம். எஸ். கிருஷ்ணன், சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பெருமரத்தை 1940-இல் உலகுக்கு அறிவித்தார். பதினெட்டு மீட்டர் நீளமுள்ள அம்மரம் இன்றும் பெரம்பலூர் மாவட்டத்தில் கிடக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

பையனுடைய கல்லுக்கு அம்மோனைட் என்று பெயர். கணவாயின் தூரத்து உறவு; சுருண்ட கூட்டுக்குள் அறை அறையாகக் கட்டிக்கொண்டு வாழ்ந்த கடலுயிர். அந்த இனம் முழுவதும் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் உலகிலிருந்து மறைந்தது. இனி நோவாவின் வெள்ளம். ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துவந்திருந்தால் எல்லாம் கலந்து கிடக்க வேண்டும், வெள்ளம் வடிந்தபின் நம் வாய்க்காலில் கிடப்பதைப் போல. இங்கே அப்படி இல்லை. ஊட்டத்தூர் அடுக்கின் அம்மோனைட் வேறு. அரியலூர் அடுக்கின் அம்மோனைட் வேறு. கல்லக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் மூத்தவர்களுக்கு அப்பெயரைக் கேட்டதும் 1953-ஆம் ஆண்டின் இரயில் மறியல் நினைவுக்கு வரும். நிலவியலாருக்கு நினைவுக்கு வருவது அங்குள்ள பவளச் சுண்ணாம்பு. பவளம் வெள்ளத்தில் வருவதில்லை. தெளிந்த இளஞ்சூட்டுக் கடலில் இருந்த இடத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்வது. நாற்பது நாள் மழை அதைச் செய்யாது. ஆகவே அக்கல் பொய் சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்தான் சிமெண்டாகிறது. நம் ஊர் ஆலயங்களில் எத்தனையின் தளத்தில் அக்கடலின் சிப்பிகள் கலந்து கிடக்கின்றனவோ! அவற்றின்மேல்தான் நாம் முழந்தாளிடுகிறோம்.

அவ்வாறெனின் வேதம் பொய் சொல்கிறதா?

இங்கே திருச்சபையின் பழைய ஏடு ஒன்றைத் திறந்து காட்ட விரும்புகிறோம். கிறிஸ்து பிறப்பு விழா இரவில் பாடப்படும் அறிவிப்பு ஒன்று உரோமை மறைசாட்சியர் நினைவேட்டில் உண்டு. ஆண்டவர் பிறந்தது உலகம் படைக்கப்பட்ட 5199-ஆம் ஆண்டு என்று அது பல நூற்றாண்டுகள் பாடிவந்தது. ஆறாயிரம் என்று உபதேசியார் சொன்ன கணக்கோ வேறு. 1650-இல் அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் பேராயர் அஷர் கிறிஸ்துவுக்கு முன் 4004 என்று கணித்தார். அது பின்னர் ஆங்கிலப் பைபிளின் ஓரத்தில் அச்சேறி, அங்கிருந்து எல்லாச் சபையாருக்கும் பரவியது. இரண்டு கணக்குக்கும் இடையே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் வேறுபாடு. ஆயினும் அதற்காக யாரும் சபை விட்டுச் சபை மாறியதாகத் தெரியவில்லை. 2001-இல் புதிய நினைவேடு உரோமையில் வெளிவந்தபோது, 5199 என்ற எண் அதில் இல்லை. உலகப் படைப்பிலிருந்து எண்ணற்ற காலங்கள் கடந்தபின் என்ற பொருள்படும் சொற்கள் அவ்விடத்தில் அமர்ந்தன. எந்த முழக்கமும் இல்லாமல், மன்னிப்பும் கேளாமல், விழா இரவின் பாட்டுக்குள்ளேயே திருச்சபை ஓர் எண்ணை எடுத்துவிட்டது. பாலன் பிறப்பு ஒரு விரற்கடையும் நகரவில்லை.

இது புதிதாக வந்த இளக்கமும் அன்று. புனித அகுஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொடக்கநூலுக்கு உரை வகுக்கையில், கதிரவனுக்கு முன் நாள் எப்படி உண்டாயிற்று என்று தாமே கேட்டு, பக்கம் பக்கமாகத் தடுமாறுகிறார். வானத்தையும் பூமியையும் பற்றி அறிந்த பிற சமயத்தார் முன்னிலையில், கிறிஸ்தவன் ஒருவன் திருநூலின் பெயரால் அறியாமை பேசுவது பெரும் இழுக்கு என்றும், அவன் சிரிக்கப்படுவது பெரிதன்று, அதனால் உயிர்த்தெழுதலையும் அவர்கள் நம்பாமற் போவதே கேடு என்றும் அவ்வுரையில் எச்சரிக்கிறார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய எச்சரிக்கை நம் வாய்க்கால் கரைவரை வந்து நிற்கிறது.

தொடக்கநூலின் முதல் இரண்டு அதிகாரங்களையும் இன்றிரவு வீட்டில் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். முதல் அதிகாரத்தில் விலங்குகள் முன்னும் மனிதர் பின்னும். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முன்னும் விலங்குகள் பின்னும். இரண்டையும் அருகருகே வைத்துத் தொகுத்த முன்னோர்க்கு இது கண்ணில் படவில்லையா? பட்டது. அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆகவே அது அவர்களை உறுத்தவில்லை. பாபிலோனில் கதிரவனும் நிலவும் தெய்வங்களாய் வணங்கப்பட்ட காலத்தில், அவை விளக்குகள்தாம், ஒருவர் ஏற்றி வைத்தவை என்று சொல்லத் துணிந்ததே அவர்களுடைய செய்தி.

இதுவரை சொன்னதை இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வர். நமக்கு அதிகக் கவலை தருவது இதன் மறுபக்கம். வேதத்துக்கு எதிர் என்று அறிவியலை எறிவது ஒரு பிழை; வேதத்துக்குச் சாட்சி என்று அறிவியலை அவசரமாக அணைத்துக்கொள்வது இன்னொரு பிழை. இரண்டாவது இனிப்பானது, ஆகையால் அதில் விழுவோர் அதிகம். விழப் பார்த்தவர்களுள் ஒரு திருத்தந்தையும் உண்டு. பிடித்து நிறுத்தியவர் ஒரு குரு.

பெல்ஜியம் நாட்டவரான ஜார்ஜ் லெமேத்தர் முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றி, 1923-இல் குருவானவர். 1927-இல், அண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து காட்டினார். அவ்வாண்டே ஐன்ஸ்டைன் அவரைச் சந்தித்து, கணக்குச் சரி, பௌதிகம் சகிக்கவில்லை என்ற கருத்துப்படப் பேசினாராம். 1931-இல் லெமேத்தர் மேலும் ஓரடி சென்று, விரிவதைப் பின்னோக்கிப் பார்த்தால் அனைத்தும் ஒரு சிறு தொடக்கத்தில் செறிந்திருந்திருக்கும் என்றார். பெருவெடிப்பு என்று இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும் கொள்கை இதுவே. அப்பெயரை 1949-இல் வானொலியில் சூட்டியவரோ அதை ஏற்காத பிரெட் ஹாயில். அண்டத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற ஹாயிலோடு, பிற்காலத்தில் நம் நாட்டு ஜயந்த் நார்லிகரும் சேர்ந்து உழைத்தார். குரு ஒருவர் தொடக்கம் உண்டு என்கிறாரே, இது ஆதியாகமத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரும் வேலை அன்றோ என்று பலர் ஐயுற்றனர்.

அந்நிலையில், 1951 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், திருப்பீட அறிவியல் கழகத்தாரிடம் உரையாற்றுகையில், ஒளி உண்டாகுக என்ற ஆதிச் சொல்லுக்கு இன்றைய அறிவியல் சாட்சி பகர்வதுபோல் தோன்றுகிறது என்று மகிழ்ந்து பேசினார். கத்தோலிக்க உலகம் கைதட்டியது. லெமேத்தர் மட்டும் மகிழவில்லை. தம் கொள்கை சமயத்தைப் பற்றிய கேள்விக்கு முற்றிலும் வெளியே நிற்பது என்பது அவருடைய உறுதி. கடவுளை நம்புவோரும் நம்பாதோரும் அதை ஒரே தராசில் நிறுக்கலாம். 1952-இல் உரோமை வழியாகப் பயணம் செய்தபோது, வத்திக்கான் வானாய்வகத் தலைவராய் இருந்த சேசு சபைத் துறவி ஓக்கானலைக் கண்டு இதுபற்றிப் பேசினார். அவ்வாண்டு செப்டம்பரில் உலக வானியலாரின் பேரவை உரோமையில் கூடியது. திருத்தந்தை அவர்களிடமும் உரையாற்றினார். ஆனால் முந்தைய ஆண்டின் அந்த வாதம் அவ்வுரையில் இல்லை. பின்பும் அவர் அதை எடுக்கவில்லை.

இதில் யார் பெரியவர் என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை: தம் கொள்கைக்குக் கிடைத்த திருத்தந்தையின் பாராட்டையே வேண்டாம் என்ற குருவா, ஒரு குருவின் சொல் கேட்டு வாயடக்கிய திருத்தந்தையா? 1965-இல், பெருவெடிப்பின் எச்சமான கதிர்வீச்சு வானெங்கும் இருப்பதாக அமெரிக்காவில் அறிவித்தனர். நோயுற்றிருந்த லெமேத்தர் அச்செய்தியைக் கேட்டபின், 1966 ஜூனில் இறந்தார். அண்டத்தின் வயதை இன்று ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என்கின்றனர். நாளை இக்கணக்கு மாறலாம். அதற்கு முன்பும் ஓர் அண்டம் இருந்தது என்று கண்டாலும் காண்பர். அன்று, பெருவெடிப்பே படைப்பு என்று மேடையில் முழங்கியவர்களின் விசுவாசம் எங்கே போய் ஒதுங்கும்? உலகுக்குத் தொடக்கம் இருந்தது என்பதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது, விசுவாசத்தால் மட்டுமே ஏற்கிறோம் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அக்குவினோ தோமையார் எழுதி வைத்தார். நொய்ந்த வாதங்களைக் காட்டி, இவர்கள் இதற்காகத்தான் நம்புகிறார்கள் போலும் என்று பிறர் சிரிக்க இடங்கொடாதீர் என்றும் சேர்த்தார்.

படைப்பு என்பது முதல் நாளில் நடந்து முடிந்த செய்தி மட்டும் அன்று. இதை விளங்கிக்கொள்ள நம் கடைமடை விவசாயியைப் போல் தகுதியுள்ளவர் யாருமில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். திறந்த தேதி செய்தித்தாளில் வரும். ஆனால் வேதாரணியத்துப் பக்கம் நாற்றங்கால் வைத்திருப்பவர் தேதியைக் கொண்டு என்ன செய்வார்? இந்த நொடியில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறதா என்பதே அவர் கேள்வி. மேலே அடைத்தால் கீழே வற்றும். எல்லாப் பொருளும் எந்த நொடியிலும் அவரிடமிருந்து இருப்பைப் பெற்றுக்கொண்டிருக்கிறது என்பதே படைப்பைப் பற்றிய நம் விசுவாசம். உலகின் வயது ஆறாயிரமோ 1380 கோடியோ, அந்த மடை திறந்திருப்பதில் வேறுபாடு இல்லை. அணை திறந்த நாளை நிலவியலாரும் வானியலாரும் தேடிக் கண்டுபிடிக்கட்டும்; அது நல்ல தொழில்.

உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று மாறி வந்தன என்ற பரிணாமக் கொள்கைக்கும் வருவோம். நெல் விளைவிப்போர் அதைக் கேட்டு மிரள்வது நமக்கு வியப்பே. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நம் நடுவே இருக்கிறது. 1960-களில் தஞ்சை மாவட்டத்தின் குறுவையை மாற்றிய ஆடுதுறை 27, நம் நாட்டு நெல்லையும் ஜப்பான் நெல்லையும் கலந்து பிறந்தது. அக்கலப்புக்கு அடிப்படையான கணக்கைக் கண்டவர் அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல். இவரும் ஸ்டோலிச்காவைப் போல் மொராவியாவில் வாழ்ந்தவர். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் எண்ணி, 1866-இல் வெளியிட்டார். 1900 வரை அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நாம் பயிரிடும் நெல்லே காட்டு நெல்லிலிருந்து மனிதர் கைபட்டு மாறி வந்தது.

மனிதர் கைபடாமலும் மாறும்; அதற்குச் சாட்சி புகையான். 1973-இல் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சிக் கழகம் புகையானை எதிர்க்கும் ஐ.ஆர். 26 என்ற இரகத்தை வெளியிட்டது. இரண்டு மூன்று ஆண்டுகள். அதற்குள் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் அதையும் தின்னும் புகையான் பெருகிவிட்டது. கோடிக்கணக்கான பூச்சிகளுள் அந்நெல்லைத் தாங்கக்கூடியவை சில இருந்தன, மற்றவை மடிந்தன, அச்சிலவற்றின் பிள்ளைகளே வயலை நிரப்பின. மூன்று ஆண்டுகளில் இது நிகழுமானால், அரியலூர்க் கடலின் கோடிக்கணக்கான ஆண்டுகளில் என்னென்ன நிகழாது?

மனித உடலின் தோற்றத்தைப் பற்றி இவ்வாறு ஆராய்வதற்குத் தடையில்லை என்று அதே பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் எழுதினார். ஆன்மாவைக் கடவுளே நேராகப் படைக்கிறார் என்பதை மட்டும் விடாது பற்றினார். இரண்டாம் யோவான் பவுல் 1996 அக்டோபரில், பரிணாமம் இன்று வெறும் ஊகமாக இல்லை என்று அறிவியல் கழகத்துக்கு எழுதினார். உயிர்கள் யாவும் ஒரே குடும்பம் என்பது ஏறத்தாழ உறுதி என்று 2004-இல் உரோமையின் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழுவும் எழுதியது. ஆகவே, குரங்கிலிருந்து வந்தோமா என்று பையன் கேட்டால், இன்றைய குரங்கிலிருந்து அன்று, குரங்குக்கும் நமக்கும் பொதுவான முன்னோரிடமிருந்து என்று சொல்லலாம். அது திருச்சபையின் போதனைக்கு விரோதம் ஆகாது.

ஆனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அத்தாயை ஏமாற்ற மாட்டோம். ஆதாம் ஒருவரா, ஒரு கூட்டமா என்ற கேள்வி தீரவில்லை. ஒரு கூட்டம் என்பதை ஜென்மப் பாவத்தின் போதனையோடு எப்படிப் பொருத்துவது என்று புலப்படவில்லை என 1950-இல் எழுதப்பட்டது. இறையியலார் இன்றும் அதில் உழல்கின்றனர். அதைவிடப் பெரியதொன்று உண்டு. நாள்கணக்கு நம்மை ஒருபோதும் வருத்தவில்லை, வருத்துவது சாவு. அந்தக் கல்லுக்குள் இருந்த உயிர், மனிதன் பாவம் செய்வதற்கு ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பே செத்தது. அதைச் சுறா தின்றிருக்கலாம். காரை ஓடைகளில் சுறாவின் பற்களும் கிடைக்கின்றன. மனிதர் தோன்றியது ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளுக்கு முன். பாவத்தால் வந்த சாவு என்று பவுலடியார் சொல்வது மனிதரின் சாவை, கடவுளை விட்டுப் பிரியும் சாவை என்று உரையாசிரியர் விளக்குவர்; அதை நாம் ஏற்கிறோம். ஆயினும் கோடி ஆண்டுகள் உயிர்கள் ஒன்றையொன்று தின்று, இனம் இனமாய் அழிந்து, அவ்வழியாகவே நாம் வந்தோம் என்பதை நினைக்கும்போது, எல்லாம் நன்று எனக் கடவுள் கண்டார் என்ற வசனத்தை நாம் முன்போல் எளிதாக வாசிக்க இயலவில்லை. மெதுவாகத்தான் வாசிக்கிறோம். வாசிப்பதை விடவில்லை. பையன் ஒருநாள் இக்கேள்விக்கும் வந்து சேர்வான். அப்போது உட்கார் என்று யாரும் சொல்லாதிருக்க வேண்டும்.

இனிச் சகோதரிக்குச் சில சொற்கள். உபதேசியாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். குறைந்த ஊதியத்துக்கு ஊர் ஊராக நடந்து நம் பாட்டன்மாருக்குச் செபம் கற்றுக் கொடுத்தவர்களின் வழிவந்தவர் அவர். அவருக்குக் கற்பித்த நூலைத்தான் அவர் ஒப்பித்தார். பங்குத்தந்தையிடம் இக்கட்டுரையைக் காட்டுங்கள். கல் வாங்கப்பட்ட இடத்திலேயே, அதே வகுப்பில், பையன் அதை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு நாள் கேளுங்கள்.

பள்ளி விடுமுறையில், முடிந்தால் அந்த உபதேசியாரையும் அழைத்துக்கொண்டு, கொள்ளிடத்தைத் தாண்டிச் செல்லுங்கள். அரியலூருக்குச் சற்று இப்பாலே வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பையனுடைய கல்லின் அண்ணன் தம்பிகளை அங்கே காணலாம். திரும்பும் வழியில் திருமானூரிலிருந்து கிழக்கே பிரிந்தால் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் வாழ்ந்து அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய ஊர். சில கல் தொலைவில் ஒரு கடல் கல்லாகிக் கிடப்பதை அறியாமலே அவர் அங்கே மாதாவைப் பாடினார். நீங்கள் அறிந்தே செபமாலை சொல்லிவிட்டு வரலாம்.

கடைசியாக ஒன்று. கல்லில் வாய்க்கால் சேறு அப்பியிருப்பதாகவும், குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் துலக்கலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது சுண்ணாம்பு, புளியோ எலுமிச்சையோ பட்டால் வரிகள் கரைந்துவிடும். வெறும் தண்ணீரும் பழைய பல் பிரஷ்ஷும் போதும். நிழலில் உலர வையுங்கள்.